அந்த மேக்கப் உருகவில்லை

இந்தக் கோடு போட்ட நோட்டை வாங்கி ஏழெட்டு வருடம் ஆகிறது. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, அதற்குக் கீழே "பார்லர் வைத்திருக்கும் பெண்களுக்கு" என்று எழுதினேன். அதோடு சரி. எழுத உட்கார்ந்தால் இரண்டு தயக்கம் வந்து கையைப் பிடித்துக்கொள்ளும். நான் படித்தது எட்டாவது வரைக்கும். நான் யாருக்கு என்ன எழுதிக் கிழிக்கப் போகிறேன் என்பது ஒன்று. இதில் வருகிற பெண் இன்றைக்கும் பேரன் பேத்தியோடு இருக்கிறாள், அவள் மனம் நோகக் கூடாதே என்பது இன்னொன்று. போன மாதம் அவளிடமே போய்க் கேட்டேன். "எம் பேரு மட்டும் போடாதக்கா. மத்தபடி நடந்தத நடந்த மாதிரியே எழுது." அதனால் இதில் அவளுக்குக் கஸ்தூரி என்று பெயர் வைத்திருக்கிறேன்.

அவளிடம் நான் போய்க் கேட்டதற்கும் ஒரு காரணம் உண்டு. திருவள்ளூரில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். மணப்பெண் அறையில் ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தேன். அலங்காரம் செய்ய வந்த பெண், உதவிக்கு வந்தவளிடம் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். "அந்தக் காலத்துல ஒரு அம்மா கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு பொண்ணுக்கு மேக்கப் போட்டாங்களாம். ஓமப் புகையில எல்லாம் உருகி, மூஞ்சில இருந்த வெள்ளைத் திட்டு தெரிஞ்சு, கல்யாணமே ரகளை ஆயிடுச்சாம். அதுக்குத்தான் நல்ல கம்பெனி சரக்கா வாங்கணும்னு சொல்றது."

அந்த அம்மா நான்தான். எழுந்து சாப்பாட்டுப் பந்திக்குப் போய்விட்டேன். பாயசத்தைக்கூட இலையில் அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன்.

உங்கள்மேல் எனக்கு வருத்தம் நிறைய இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குக் குளிர்சாதன மண்டபம் இருக்கிறது. தண்ணீரில் முக்கினாலும் போகாது என்று டப்பாவில் எழுதியே விற்கிறான். அப்படியும் சித்திரை வைகாசி வந்தால் எனக்குப் போன் போட்டு, "ஆன்ட்டி, வழியுது, திட்டுத்திட்டா நிக்குது" என்று அழுகிறீர்கள். என்ன செய்தாய் என்று கேட்டால், "இன்னொரு கோட்டிங் போட்டேன்" என்கிறீர்கள். வேர்க்கிற முகத்தில் மேலே மேலே பூசினால் அது எங்கே போய் நிற்கும்? அறுபதுகளில் தொழிலுக்கு வந்த புதிதில் நானும் இதே முட்டாள்தனத்தைத்தான் செய்தேன். திருவாலங்காட்டில் ஒரு கல்யாணம். காலையில் நலங்கு வைத்து, தலையிலிருந்து கழுத்து வரை எண்ணெயும் மஞ்சளும் தேய்த்துக் குளிப்பாட்டி அனுப்பிவிட்டார்கள். அந்த எண்ணெய்ப் பிசுக்கு போகாத முகத்தில் நான் கனமாகப் பூசினேன். மாலை மாற்றுவதற்குள் அந்தப் பெண்ணின் முகம் மழையில் நனைந்த சுண்ணாம்புச் சுவர் போல ஆகிவிட்டது. மாப்பிள்ளையின் தங்கை, "அண்ணி அழுவுறாங்களா, கரையுறாங்களா?" என்று கேட்டாள். பந்தலே சிரித்தது. பாவம், அந்தப் பெண் அதற்குப் பிறகு நிஜமாகவே அழுதாள்.

பட்டணத்தில் நாடகக்காரப் பெண்களுக்கு வேஷம் போட்டுவிடுகிற ஒருத்தி எனக்குப் பழக்கம். என்னைவிட இரண்டு வயது சின்னவள், வாய் மட்டும் பெரியது. தன் பெயரை எங்கேயும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். அவளிடம் போய் அழுதேன். "நீ செவுத்துக்கு வெள்ளை அடிக்கிறியா, மூஞ்சிக்கு அழகு பண்றியா? மெல்லிசா போடு. வேர்வைய தொடைக்காத, ஒத்து. ஒத்திட்டு நிறுத்து" என்றாள். அவ்வளவுதான் வித்தை. ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி ஒற்றுவது, மெல்லிசாகப் பூசுவது, பவுடர், மறுபடி ஈரத் துணியால் அழுத்துவது. இதை நான் சொன்னால் "இவ்ளோதானா ஆன்ட்டி" என்பீர்கள். சொல்லிப் பாருங்கள், உங்களில் எத்தனை பேருக்கு நிறுத்தத் தெரிகிறது என்று.

இனி கஸ்தூரி விஷயம்.

எழுபதுகளின் தொடக்கம். திருப்பாச்சூர் பக்கத்தில் ஒரு கிராமம், நெல் விவசாயக் குடும்பம். அம்மாவும் மகளும் திருவள்ளூரில் என் வீட்டுக்கு வந்தார்கள். அம்மா கதவைச் சாத்தச் சொன்னாள். பிறகு மகள் முகத்தை என் பக்கம் திருப்பி, முந்தானையால் பவுடரைத் துடைத்துக் காட்டினாள். கீழ் உதட்டுக்குக் கீழே தொடங்கி முகவாய் வரைக்கும், ஒரு பெருவிரல் அகலத்துக்கு வெள்ளையாகத் திட்டு.

"பொண்ணு பாக்க வந்தப்ப அரிக்கேன் வெளிச்சம். பவுடர் போட்டு தலைய குனிஞ்சி ஒக்கார வெச்சிட்டோம். மாப்ள ஊட்ல தெரியாது" என்றாள் அம்மா. "அமாவாசைக்கு அமாவாசை வந்து வீரராகவர் கோயில் கொளத்துல வெல்லம் கரைக்கிறேன் தங்கச்சி, ஆறு வருசமா. வெல்லம் கரையிற மாதிரி இதுவும் கரைஞ்சிடும்னாங்க. அதுக்குள்ள நல்ல எடம் வந்துடுச்சி. பையனுக்கு கும்மிடிப்பூண்டியில புதுசா வந்த கம்பெனில லேத் வேலை. இத உட்டா இன்னொண்ணு வராது. மூணு முடிச்சு உழற வரைக்கும் நின்னா போதும். அதுக்கப்பறம் அந்த வீரராகவரு பொறுப்பு."

நான் அப்போது என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிகிறது. எனக்கும் தெரிந்திருக்க வேண்டும். தினம் காலையில் விளக்கேற்றாமல் பச்சைத் தண்ணீர் குடிக்காதவள் நான். ஆனால் அன்றைக்கு எனக்கு அந்தப் பெண் தெரியவில்லை, அந்தத் திட்டுதான் தெரிந்தது. வைகாசி மாதம், கடலோரப் புழுக்கம், தகரக் கூரை போட்ட கல்யாணக் கொட்டகை, ஓமம். அதில் இதை நிறுத்திக் காட்ட முடியுமா என்று தொழில் புத்தி போட்டிக்கு நின்றுவிட்டது. சரி என்று ஒப்புக்கொண்டேன். நான் செய்த தப்பு அதுதான். மற்றதெல்லாம் அதிலிருந்து வந்தது.

நாலு மாதத்தில் மூன்று முறை வரவழைத்துப் பூசிப் பார்த்தேன். உச்சி வெயிலில் மாடியில் நிற்க வைத்தேன். சோறு கொதிக்கிற பானையின் ஆவியில் முகத்தைக் காட்டச் சொன்னேன். முதல் முறை வழிந்தது. இரண்டாம் முறை விளிம்பு மட்டும் தெரிந்தது. மூன்றாம் முறை அசையவில்லை. அவள் அதிகம் பேச மாட்டாள். அன்றைக்குக் கண்ணாடியைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"இது எத்தினி நாளைக்கு நிக்கும்க்கா?"

"நாள் முழுக்க நிக்கும். ஆவியிலயே நின்னுச்சே, பாத்தியில்ல" என்றேன் பெருமையாக.

"நாள் முழுக்கத்தானா?" என்றாள்.

என் வேலையைக் குறைத்துச் சொல்கிறாள் என்று எனக்குக் கோபம் வந்தது. கோபப்பட்டேனே தவிர, அந்தக் கேள்வியை நான் காதில் வாங்கவே இல்லை.

கல்யாணம் கும்மிடிப்பூண்டிப் பக்கம், மாப்பிள்ளை ஊரில். பத்தரை மணிக்கு மேல் முகூர்த்தம். காலையில் காற்று சுத்தமாக நின்றுவிட்டது. பழவேற்காட்டுப் பக்கத்திலிருந்து ஐஸ் வரவழைக்கச் சொல்லியிருந்தேன். உமியில் புதைத்து வந்தது, மீன் பெட்டியிலேயே வந்தது. துணியைப் பிரித்தால் அறை முழுக்க மீன் கவிச்சை. மணப்பெண்ணின் அத்தை மூக்கைப் பொத்திக்கொண்டு, "இன்னாம்மா, பொண்ண அலங்காரம் பண்றியா, கொழம்பு வெக்கிறியா?" என்றாள். நாலு முறை கழுவி, சந்தனம் கரைத்த தண்ணீரில் முக்கி அதையே உபயோகித்தேன். வேறு வழி?

பூசி முடித்தேன். இந்தக் கையால் நான் செய்ததில் அதற்கு நிகராக இன்னொன்று இல்லை. திட்டு இருந்த இடம் எனக்கே தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் சொந்தக்காரப் பெண்கள் வரிசையாக வந்தார்கள். வருகிறவர்கள் சும்மா பார்த்துவிட்டுப் போவார்களா? ஒவ்வொருத்தியும் இரண்டு கன்னத்தையும் முகவாயோடு சேர்த்து வழித்து, தன் நெற்றிப் பொட்டில் விரலை மடக்கி நெட்டி முறிப்பாள். திருஷ்டி கழிக்கிறார்களாம். "தொடாதீங்கம்மா, தூரத்துல இருந்து கழிங்க" என்றால், "தூரத்துல இருந்து கழிச்சா கழியுமா? நீ ஒரு புது சாஸ்திரக்காரி" என்கிறாள் அத்தை. பதினெட்டுப் பேர் வழித்தார்கள். ஓலை விசிறியால் வீசி வீசி என் தோள் கழன்றது. ஆனால் மேக்கப் அசையவில்லை. இதை மட்டும் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்து சொல்வேன்.

அறை காலியானது. கஸ்தூரியும் நானும் மட்டும். அம்மா சீர் தட்டுகளைப் பார்க்க வெளியே போயிருந்தாள். கஸ்தூரி கண்ணாடியில் வெகு நேரம் பார்த்தாள்.

"அக்கா, இத தொடச்சிடு."

"எத?"

முகவாயைக் காட்டினாள்.

எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. "வெளையாடறியா? மோளக்காரன் வாசிச்சிக்கினு இருக்கான். ஊர் ஜனம் மொத்தம் வந்து ஒக்காந்துகினு இருக்கு. இத நாலு மாசமா கேட்டிருந்தா இன்னா?"

"கேட்டேனே. எத்தினி நாளைக்கு நிக்கும்னு கேட்டேன். நாளைக்கு காலைல நான் மூஞ்சி கழுவுவேன் இல்ல? அப்ப அந்த ஊட்ல எம் பக்கத்துல யாரு இருப்பா? அம்மா இருக்குமா? நீ வருவியா?"

துடைத்தால் கல்யாணம் நிற்கலாம். பந்தலில் நின்றுபோன கல்யாணத்தின் பெண்ணை அதற்கப்புறம் யார் கேட்பார்கள்? துடைக்காவிட்டால் தாலி ஏறும், விடிந்ததும் ஏமாற்றுக்காரி என்ற பெயரோடு அவள் அந்த வீட்டில் தனியாக நிற்பாள். வீரராகவா, நீயே ஒரு வழி காட்டு என்று மனசுக்குள் மன்றாடினேன். அவர் ஒன்றும் காட்டவில்லை. வெளியே நாதஸ்வரம்தான் கேட்டது.

அவசரத்தில் எதையும் துடைக்கவும் கூடாது, மூடவும் கூடாது. யாருக்குத் தெரிய வேண்டுமோ அவருக்கு முதலில் சொல்ல வேண்டும். அது மட்டும் அந்த நிமிஷத்தில் எனக்குத் தோன்றியது. "நான் போய் மாப்ளகிட்ட சொல்லட்டுமா?" என்று கேட்டேன். சரி என்று தலையை ஆட்டினாள்.

மாப்பிள்ளைக்குத் திருஷ்டிப் பொட்டு வைக்க வேண்டும் என்று சொல்லி, மைக் கிண்ணத்தோடு அவர் அறைக்குப் போனேன். கூட இருந்த பையன்களை வெளியே அனுப்பினேன். கன்னத்தில் பொட்டு வைத்துக்கொண்டே, சுற்றி வளைக்காமல் சொன்னேன். பெண்ணுக்கு முகவாயில் வெள்ளைத் திட்டு இருக்கிறது, மூடியிருக்கிறோம், மூடினவள் நான்தான் என்று.

அவர் என் கையைத் தட்டிவிட்டார். பொட்டு காது வரைக்கும் இழுத்துக்கொண்டு போயிற்று. "பொண்ணு பாக்க வந்தப்ப சொல்ல வாயில்லையா? மால போட்டு ஒக்கார வெச்சிட்டு இப்ப வந்து சொல்றீங்க. இன்னாங்க இது, ஆள பாத்தா எப்படி தெரியுது உங்களுக்கு?"

"தப்புதான்."

"இத உங்கள யாரு சொல்ல சொன்னா? அவங்க அம்மாவா?"

"அவங்க அம்மாவுக்குத் தெரிஞ்சா என்ன கொன்னுடுவாங்க. சொல்லச் சொன்னது பொண்ணு."

அவர் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "அது ஒட்டுமா?" என்று கேட்டார்.

மைக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் அவர் முன்னால் விரித்துக் காட்டினேன். "நாலு மாசமா தொட்டுக்கினுதான் இருக்கேன். நல்லா பாருங்க."

நிஜமாகவே என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். லேத்தில் இரும்பு கடைந்து பழகின கண். அவசரமாகப் பார்க்கத் தெரியாது. கடைசியில் சொன்னார்: "தொடச்சிட்டு வரச் சொல்லுங்க. மூடிக்கினு வந்தா நான் கட்ட மாட்டேன்."

"தொடச்சிட்டு வந்தா?"

"வரட்டும். பாக்கறேன்."

அவ்வளவுதான் சொன்னார். கட்டுகிறேன் என்று சொல்லவில்லை. அதையும் அப்படியே போய் கஸ்தூரியிடம் சொன்னேன். "போதும்க்கா" என்றாள்.

இப்போதுதான் அடுத்த கூத்து. துடைக்கலாம் என்று ஈரத் துணியை எடுத்தால், போக மாட்டேன் என்கிறது. வேர்வைக்கும் ஆவிக்கும் பதினெட்டு அத்தைகளுக்கும் அசையாத மாதிரி நான்தானே போட்டிருக்கிறேன், அது என் பேச்சை மட்டும் கேட்குமா? தேய்த்தால் விளிம்பில் திரிதிரியாக வருகிறதே தவிர, நடுவில் அசையவில்லை. தேங்காய் எண்ணெய் வேண்டும். என் பெட்டியில் இல்லை. எண்ணெய் பட்டால் மேக்கப் கெடும் என்று நானேதான் வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன். வெளியே ஐயர், "பெண்ணை அழைச்சிண்டு வாங்கோ" என்று கூப்பிட்டுவிட்டார்.

அறை மூலையில் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் விளக்குக்கு ஊற்ற நல்லெண்ணெய்க் கிண்ணம். சாமி விளக்கின் எண்ணெயை இதற்கு எடுக்கலாமா என்று கை ஒரு நொடி தயங்கியது. வழிதானே கேட்டாய், இந்தா பிடி என்று அவர் கொடுத்ததாக நினைத்துக்கொண்டு எடுத்தேன்.

பாதி துடைத்திருப்பேன், அம்மா உள்ளே வந்துவிட்டாள். ஒரு நிமிஷம் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் பவுடர் டப்பாவை எடுத்து என் கையில் திணிக்க வந்தாள். "அடிப்பாவி, எம் பொண்ணு வாழ்க்கைய கெடுக்க வந்தியா? மூடு. மறுபடி மூடு." அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்து என்னால் மேலே துடைக்க முடியவில்லை. துணியைப் பிடித்தபடி நின்றுவிட்டேன்.

கஸ்தூரி என் கையிலிருந்து துணியை வாங்கினாள். அம்மாவின் கையை இடது கையால் பிடித்துக்கொண்டாள். வலது கையால் மீதியைத் தானே துடைத்தாள்.

"உடும்மா. அவருக்கு சொல்லியாச்சி" என்றாள்.

அப்படியே நடந்து போனாள். முகம் முழுக்க அலங்காரம், முகவாயில் மட்டும் எண்ணெய் மினுக்கலோடு வெள்ளை. கொட்டகையில் சலசலப்பு அடங்கிற்று. பிறகு மாப்பிள்ளையின் அம்மா எழுந்தாள். "இன்னாடா இது? ஏங்க, இங்க வந்து பாருங்க, இன்னா பொண்ண கொண்ணாந்து நிறுத்தியிருக்காங்கன்னு."

மாப்பிள்ளை கஸ்தூரியைப் பார்த்தார். என் கையைப் பார்த்த மாதிரியே, அவசரப்படாமல் பார்த்தார். அவளும் தலையைக் குனியவில்லை. அவர் கன்னத்தில் நான் இழுத்துவிட்ட மை காது வரைக்கும் அப்படியே இருந்தது. அவள் அதைத்தான் பார்த்தாளாம், பிற்பாடு சொன்னாள்.

"ஒக்காரும்மா" என்றார் அம்மாவிடம். "எனக்கு சொல்லிட்டாங்க. எப்ப சொன்னாங்கன்னு கேக்காத. ஐயரே, நீங்க மந்திரம் சொல்லுங்க."

தாலி ஏறிற்று. சுமுகமாக முடிந்தது என்று எழுத மாட்டேன். மாப்பிள்ளை பக்கத்தில் பாதிப் பேர் கை நனைக்காமல் போய்விட்டார்கள். மாமியார் ஒரு வருஷம் கஸ்தூரி கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. கஸ்தூரியின் அம்மா சாகிற வரைக்கும் என்னோடு பேசவில்லை. அந்தப் பக்கத்துக் கல்யாணம் எதற்கும் என்னை அதற்கப்புறம் கூப்பிடவில்லை. கூப்பிடாததற்குக் காரணம் கேட்டவர்களுக்கு, "அவ போட்டா உருகிடும்" என்று சொல்லிவிட்டார்கள். பெண் வீட்டுக்கு அது சௌகரியமான பொய். தாங்கள் மறைத்ததையும் சொல்ல வேண்டாம், மகள் துடைத்ததையும் சொல்ல வேண்டாம். அந்தப் பொய்தான் இன்றைக்கு உங்கள் பார்லர் வரைக்கும் வந்து நிற்கிறது.

இரண்டு மூன்று வருஷம் கழித்து ஒரு அமாவாசை அன்று கோயில் குளத்துப் படியில் கஸ்தூரியைப் பார்த்தேன். இடுப்பில் குழந்தை, கையில் வெல்லம். திட்டு கன்னம் வரைக்கும் ஏறியிருந்தது. முகத்தில் பவுடர் ஒரு பொட்டுக்கூட இல்லை.

"இன்னுமா கரைக்கிற?" என்றேன்.

"அது போவணும்னு இல்லக்கா. எங்கம்மா வேண்டிக்கினது. நான் இல்லன்னா யாரு முடிப்பா?" என்றாள். குனிந்து வெல்லத்தைத் தண்ணீரில் விட்டாள். நிமிர்ந்து, வழிகிற வேர்வையை முந்தானையால் அழுத்தி, தேய்த்துத் துடைத்துக்கொண்டாள். எனக்குத் தொழில் புத்தி போகுமா, ஒத்திக்கோ என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன்.

பெண்களே, எந்தக் கம்பெனி சரக்கு வேண்டுமானாலும் வாங்குங்கள். வெயிலில் நிற்க வைக்கிற வழியை நான் மேலே நாலு வரியில் சொல்லிவிட்டேன். முகம் காட்ட வருகிற பெண் எத்தனை நாள் நிற்கும் என்று கேட்டால் மட்டும், மணிக்கணக்கு சொல்லாதீர்கள். கையை நிறுத்திவிட்டு, ஏன் கேட்கிறாய் என்று கேளுங்கள். எனக்கு அது தெரிய நாலு மாதமும் ஒரு கல்யாணமும் ஆயிற்று.

இந்தக் கதையை இனி யாராவது உங்களிடம் சொன்னால், அல்லது நீங்கள் யாருக்காவது சொன்னால், கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். மேக்கப் உருகவில்லை. துடைக்கச் சொன்னவள் அவள். பாதிதான் நான் துடைத்தேன். மீதியை அவளே துடைத்துக்கொண்டாள். நான் முழுக்கத் துடைத்தேன் என்று என்மேல் அன்பு வைத்துக்கூட மாற்றிச் சொல்ல வேண்டாம்.